கடல்நீலத்தைக் கழுவும் மென்பொருள்கள்: எது எந்த ஆழம் வரை தாங்கும்?

கடலுக்கடியில் 5 மீட்டருக்குள் எடுத்த படம், அதுவும் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) என்றால், இந்த மதிப்புரையே தேவையில்லை. கையில் இருக்கும் எந்த மென்பொருளிலும் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) ஸ்லைடரை நகர்த்தினால் வேலை முடிந்துவிடும். மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பது 10 மீட்டரைத் தாண்டிய பிறகுதான். அங்கே சில மென்பொருள்களின் ஸ்லைடர் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். சில, இல்லாத சிவப்பை இருப்பதுபோல் பூசிவிட்டு, குமிழிகளையெல்லாம் ரோஜா நிறமாக்கி வைக்கும்.

இங்கே பார்க்கப்போவது லைட்ரூம் கிளாசிக், ஃபோட்டோஷாப், டார்க்டேபிள், ரா தெரபி, ஜிம்ப் ஆகியவற்றை. கைபேசியில் ஒரே தட்டலில் நிறம் மாற்றித் தரும் செயலிகளைப் பற்றியும், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் சிவப்பு ஃபில்டரைப் பற்றியும் போகிற போக்கில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரோப் (நீருக்கடி ஃபிளாஷ்) இல்லாமல், மேலிருந்து வரும் வெயிலை மட்டும் நம்பி எடுத்த படங்களை வைத்தே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறோம். ஸ்ட்ரோப் போட்ட படங்களின் பிரச்சினை வேறு, அதற்குத் தனியாக ஒரு பத்தி உண்டு.

சிவப்பு எவ்வளவு மிச்சம்?

மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தூய நீரே சிவப்பை விழுங்கும். 650 நானோமீட்டர் சிவப்பொளி ஒரு மீட்டர் நீரைக் கடந்தால் ஏறத்தாழ 71 சதவீதம் மிஞ்சும், 5 மீட்டரில் 18 சதவீதம், 10 மீட்டரில் 3 சதவீதம், 15 மீட்டரில் ஒரு சதவீதம்கூட இல்லை. 450 நானோமீட்டர் நீலமோ 10 மீட்டர் கடந்த பிறகும் 90 சதவீதம் அப்படியே வரும். கடல்நீரில் மிதவையுயிர்களும் கலங்கலும் சேர்ந்துவிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகும். கலங்கலான கரையோர நீரில் நீலத்துக்குப் பதில் பச்சை ஓங்கி நிற்கும்.

பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. ஆழத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. ஒளி மேற்பரப்பிலிருந்து மீனுக்கு வந்து, மீனிலிருந்து கேமராவுக்கும் வரவேண்டும். இரண்டு தூரத்தையும் கூட்ட வேண்டும். 8 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஒளி கடந்த பாதை 10 மீட்டர், சிவப்பு 3 சதவீதம். அதே ஆழத்தில் அரை மீட்டர் தூரத்துக்கு நெருங்கி எடுத்தால் பாதை 8.5 மீட்டர், சிவப்பு 5.5 சதவீதம். ஒன்றரை மீட்டர் நெருங்கினதற்கே சிவப்பு ஏறத்தாழ 1.7 மடங்காகிவிட்டது. எந்த மென்பொருளும் இந்த லாபத்தைத் தராது.

ஒயிட் பேலன்ஸ் என்பது அடிப்படையில் ஒரு பெருக்கல். படத்தின் நிறத் தகவல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாக இருக்கும். அதில் சிவப்புச் சேனலை இத்தனை மடங்கு, நீலச் சேனலை இத்தனை மடங்கு என்று பெருக்கி, சாம்பல் நிறப் பொருள் சாம்பலாகத் தெரியும்படி சரிக்கட்டுவது. சிவப்பில் கொஞ்சமாவது தகவல் இருந்தால் பெருக்கல் வேலை செய்யும். இல்லாவிட்டால் பெருகுவது சென்சாரின் இரைச்சல்தான், அதாவது காட்சியில் இல்லாத வெறும் புள்ளிகள். கருப்பு நியோப்ரீன் உடையில் சிவப்புப் பொடி தூவியதுபோல் தெரிந்தால் எல்லை மீறிவிட்டோம் என்று அர்த்தம். அந்த இடத்தில் வேலைக்கு வருவது சேனல் மிக்ஸர். பச்சைச் சேனலில் இருக்கும் விவரத்தில் ஒரு பங்கைச் சிவப்புக்குக் கடன் கொடுப்பது. கடன் என்பதை மறக்கக் கூடாது. அப்படி வந்த சிவப்பு கடலில் இருந்த சிவப்பு அல்ல. பச்சை வெளிச்சத்தைப் பார்த்து இங்கே சிவப்பும் இவ்வளவு இருந்திருக்கும் என்று போடும் ஊகம்.

இந்த இரண்டு வேலையையும் ரா கோப்பிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, படத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு அளவில் செய்ய விடுகிறதா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. மற்ற வசதிகளெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

ராவுக்குப் பதில் ஜேபெக்கில் (கேமரா சுருக்கித் தரும் கோப்பில்) எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 8 பிட் ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள். சிவப்பு அதில் 0 முதல் 25 வரைக்குள் அடைபட்டுக் கிடந்தால், அதைப் பத்து மடங்கு இழுத்தாலும் கிடைப்பது 26 படிகள்தான். மீனின் உடலில் நிறம் வழுவழுப்பாக மாறாமல் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால்தான். 12 பிட் ராவில் 4,096 படிகள், 14 பிட்டில் 16,384. ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற கையடக்கக் கேமராக்களே ரா தருகின்றன. அப்படியிருக்க, நீருக்கடியில் ஜேபெக்கை மட்டும் நம்புவது வீண் பிடிவாதம்.

லைட்ரூம் கிளாசிக்

வேகம் வேண்டுமென்றால் இதற்கு நிகர் இல்லை. ரா கோப்பில் டெம்ப் (வெளிச்சத்தின் நிறவெப்பநிலை) ஸ்லைடர் 2,000 முதல் 50,000 கெல்வின் வரை, டின்ட் -150 முதல் +150 வரை. நீலம் ஓங்கிய படத்துக்கு டெம்பை உயர்த்த வேண்டும், பச்சை ஓங்கியதற்கு டின்டை மெஜன்டா (செவ்வூதா) பக்கம் தள்ள வேண்டும். பெரும்பாலான படங்களுக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். முதலில் ஐட்ராப்பரை (சொடுக்கிய இடத்தைச் சாம்பலாகக் கொண்டு நிறத்தைச் சரிசெய்யும் கருவியை) எடுத்து மணல்மீதோ ஆக்ஸிஜன் சிலிண்டரின் உலோகப் பகுதிமீதோ சொடுக்குங்கள். (அது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை, பெரும்பாலும் வெறும் அழுத்தக் காற்றுதான் என்று முக்குளிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வது சரி.) மணல் முழு வெள்ளை இல்லை, சற்றே மஞ்சள். அதனால் மணலில் சொடுக்கினால் படம் கொஞ்சம் குளிர்ந்தே நிற்கும். அங்கிருந்து 5 முதல் 10 சதவீதம் டெம்பைக் கூட்டினால் சரியாகும்.

12 மீட்டரைத் தாண்டிய படங்களில் ஐட்ராப்பர் நேராக 50,000க்கும் +150க்கும் ஓடிப்போய் நின்றுவிடும். படம் இன்னும் நீலமாகவே இருக்கும். லைட்ரூமின் பெரிய குறை இதுதான், இத்தனை ஆண்டுகளாகியும் தீராத குறை. சுற்றிப் போக இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி மாஸ்க், அதாவது தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் திருத்தும் வசதி. படம் முழுவதையும் தேர்வு செய்யும் ஒரு மாஸ்க் போட்டு, அதற்குள் இருக்கும் டெம்ப் ஸ்லைடரை +100 வரை தள்ளலாம். அது பொது ஸ்லைடரின் எல்லைக்கு மேல் கூடுதலாகச் சேரும். போதாவிட்டால் அதே மாஸ்க்கை இன்னொரு பிரதி எடுக்கலாம். அசிங்கமான வழிதான், ஆனால் அவசரத்துக்கு உதவும்.

இரண்டாவது வழி சுத்தமானது. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரில் உங்கள் கேமராவின் ஒரு டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்) கோப்பைத் திறந்து, கலர் மேட்ரிசஸ் தாவலில் ஒயிட் பேலன்ஸ் கேலிப்ரேஷன் என்ற இடத்தில் டெம்பரேச்சர், டின்ட் இரண்டையும் நகர்த்தி, புதிய புரொஃபைலாக ஏற்றுமதி செய்யுங்கள். லைட்ரூமை மூடித் திறந்தால் புரொஃபைல் பட்டியலில் அது வந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் டெம்ப் ஸ்லைடரின் நடுப்புள்ளியே இடம் மாறி, 50,000க்கு முட்டாமல் நகர்த்த இடம் கிடைக்கும். அகச்சிவப்புப் படம் எடுப்பவர்கள் வெகுகாலமாகக் கையாளும் வழி இது. அவர்களுக்கு ஸ்லைடர் 2,000 பக்கம் முட்டும், நமக்கு மறுபக்கம். புரொஃபைல் ஒரு கேமரா மாடலுக்கு மட்டுமே செல்லும். கேமரா மாறினால் மறுபடியும் செய்ய வேண்டும்.

டெம்பும் டின்டும் இவ்வளவு ஏறிய பிறகு பின்னணி நீர் ஊதா அடிக்கும். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக மாற்றும் எச்எஸ்எல் பகுதியில் பர்ப்பிள் ஹியூவை இடப்பக்கம் நகர்த்தி நீலத்துக்கு இழுங்கள், புளூ லூமினன்ஸை 10 முதல் 20 வரை குறையுங்கள். அதற்கு மேல் போனால் வெறும் நீர்ப்பரப்பில் திட்டுத் திட்டாக இரைச்சல் எழும். கேலிப்ரேஷன் பகுதியின் புளூ பிரைமரி ஹியூவும் நீரை டீல் (நீலப்பச்சை) பக்கம் திருப்ப உதவும். ஆனால் அது நீரோடு நில்லாமல் நீலம் கலந்த ஒவ்வொரு நிறத்தையும் மாற்றிவிடும் என்பதால், முகத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள்.

மங்கலை விலக்கும் டீஹேஸ் ஸ்லைடர் 2015 முதல் இருக்கிறது. நீருக்கடியில் அது ஒரு போதை. +20 வரை கலங்கல் விலகி நன்றாக இருக்கும். +40 ஆனால் நிறச்செறிவும் சேர்ந்து ஏறி, நீலத்தைக் கழுவ உட்கார்ந்தவர் மறுபடி நீலத்தை அள்ளி ஊற்றியதாகிவிடும். முன்னால் இருக்கும் உருவத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு டீஹேஸ் கொடுப்பதே நல்லது. உருவத்தைத் தானே கண்டுபிடித்து மாஸ்க் போடும், 2021இல் வந்த செலக்ட் சப்ஜெக்ட், ஆமை, சுறா, முக்குளிப்பவர் போன்ற தெளிவான உருவங்களை நன்றாகவே பிடிக்கிறது. விசிறிப் பவளத்தில் தடுமாறுகிறது. இழைகளுக்கு நடுவே தெரியும் நீரையும் சேர்த்து வளைத்துக்கொள்ளும். அதைத் தூரிகையால் கழிக்க வேண்டும்.

சிவப்புச் சேனலை இவ்வளவு பெருக்கினால் நிற இரைச்சல் வரத்தான் செய்யும். கலர் நாய்ஸ் ரிடக்‌ஷன் வழக்கமாக 25இல் நிற்கும். 12 மீட்டர் படங்களுக்கு 40 முதல் 60 வரை தேவை. 2023 ஏப்ரலில் வந்த ஏஐ டினாய்ஸ் இதைவிடச் சிறப்பு, ஆனால் மீனின் செதில்கள் பிளாஸ்டிக் போலாகிவிடும். 100க்கு 40க்கு மேல் போகத் தேவையில்லை.

சேனல் மிக்ஸர் இல்லை. 15 மீட்டர் படத்துக்கு லைட்ரூம் மட்டும் போதாது என்பது எங்கள் தீர்ப்பு.

டார்க்டேபிள்

இலவசம், கற்றுக்கொள்ளக் கடினம், ஆழமான படங்களுக்கு இந்தப் பட்டியலில் முதலிடம். 2020 டிசம்பரில் வந்த 3.4 பதிப்பில் சேர்ந்த கலர் கேலிப்ரேஷன் என்ற மாட்யூல்தான் (தனிக் கருவி) காரணம். ஒயிட் பேலன்ஸும் சேனல் மிக்ஸரும் அந்த ஒரே மாட்யூலுக்குள் இருக்கின்றன. அந்த மாட்யூலையே எத்தனை தடவை வேண்டுமானாலும் அடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்க் போடலாம்.

வேலையை இப்படிப் பிரியுங்கள். பழைய ஒயிட் பேலன்ஸ் மாட்யூல் கேமரா ரெஃபரன்ஸ் நிலையிலேயே இருக்கட்டும். அதைத் தொட்டால் ஒயிட் பேலன்ஸ் இருமுறை போடப்பட்டதாகச் சிவப்பு எச்சரிக்கை வரும். புதியவர்கள் முதலில் செய்யும் தவறும் இதுதான். கலர் கேலிப்ரேஷனின் முதல் பிரதியில், பிக்கரை எடுத்து மணல்மீதோ சாம்பல் பலகைமீதோ ஒரு சிறு சதுரம் வரையுங்கள். இல்யுமினன்ட் (ஒளிமூலம்) கஸ்டம் என்று மாறி, ஹியூ (சாயல்), க்ரோமா (செறிவு) என்ற இரண்டு ஸ்லைடர்கள் கிடைக்கும். பக்கத்தில் காட்டும் கெல்வின் எண்ணோடு இன்வாலிட் என்று எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம். 12 மீட்டர் ஆழத்து வெளிச்சம் பகலொளியைப் போலவும் இல்லை, பழுக்கக் காய்ச்சிய இரும்பின் ஒளியைப் போலவும் இல்லை, அதனால் அதைக் கெல்வினில் அளப்பதே பொருளற்றது என்று மென்பொருள் ஒத்துக்கொள்கிறது. லைட்ரூம் 50,000இல் முட்டுவதைவிட இது நேர்மையான பதில்.

இப்போது மாட்யூலின் இரண்டாவது பிரதியைத் திறந்து, ஆர் தாவலுக்குப் போங்கள். தொடக்கத்தில் சிவப்பு 1, பச்சை 0, நீலம் 0 என்று இருக்கும். 10 மீட்டருக்குப் பச்சையை 0.25 ஆக்குங்கள், 15 மீட்டருக்கு 0.4 அல்லது 0.5. இவை தொடங்குவதற்கான அளவுகள்தான், நீரின் தெளிவைப் பொறுத்து மாறும். பச்சையை மட்டும் கூட்டினால் பின்னணி நீரும் சேர்ந்து வெளிறிச் சாம்பலாகும். அதைத் தடுக்கத்தான் நீலத்தை -0.1 அல்லது -0.2 ஆக்குவது. பின்னணி நீரில் நீலம் மிக அதிகம், முன்னால் இருக்கும் உருவத்தில் குறைவு. அதனால் கழித்தல் நீரில் பலமாகவும் உருவத்தில் லேசாகவும் விழுகிறது. மாஸ்க் போடாமலே நீரைக் காப்பாற்றும் இந்தக் கழித்தலை யாரும் தவறவிடக் கூடாது. அதிகம் கழித்தால் நீரின் சிவப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய், நீர் கண்ணைப் பறிக்கும் நீலமாக மாறி, விளிம்புகளில் கருமை கட்டும். அப்போது முதல் பிரதியிலுள்ள கேமட் கம்ப்ரெஷனை (எல்லை மீறிய நிறங்களை உள்ளே இழுக்கும் ஸ்லைடரை) சற்று உயர்த்துங்கள், அல்லது கழித்தலைக் குறையுங்கள்.

நார்மலைஸ் சேனல்ஸ் என்ற பெட்டியை டிக் செய்தால் கூட்டுத்தொகை 1க்குக் கொண்டுவரப்பட்டு வெளிச்சம் மாறாமல் நிற்கும். ஆனால் நமக்குச் சிவப்பு கூட வேண்டும் என்பதால் முதலில் டிக் இல்லாமல் பாருங்கள்.

சேனல் மிக்ஸரின் விலை என்ன என்பதும் தெரிந்திருக்கட்டும். சிவப்பில் பாதி பச்சையிலிருந்து வந்ததென்றால், சிவப்பும் பச்சையும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். உண்மையில் செக்கச்செவேலென்று இருந்த கடற்பஞ்சும், பழுப்பாக இருந்த பவளமும் கிட்டத்தட்ட ஒரே தேன் நிறத்துக்கு வந்து நிற்கும். மனிதத் தோல், மணல், ஆமை ஓடு போன்றவை நம்பும்படியாக வரும். சிவப்பு மீன்களும் சிவப்புக் கடற்பஞ்சும் ஏமாற்றும். இனங்களை அடையாளம் காண எடுத்த படமென்றால் இந்த வழியைத் தொடாதீர்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. மாட்யூல்களின் எண்ணிக்கை மிரட்டும். லைட்ரூமில் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலைக்கு இங்கே முதல் வாரம் அரைமணி ஆகும். உருவத்தை இயந்திரமே கண்டுபிடிக்கும் மாஸ்க் லைட்ரூம் அளவுக்கு வசதியாக இல்லை, கையால் வரைவதும் நிற அளவுகளை வைத்து வடிகட்டுவதும்தான் வழக்கம். நீர் நீலமாகவும் உருவம் வேறாகவும் இருப்பதால், நீருக்கடிப் படங்களில் நிறத்தை வைத்து வடிகட்டும் மாஸ்க் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

ரா தெரபி

இதுவும் இலவசம். டெம்பரேச்சர் 60,000 வரை போகும், லைட்ரூமைவிடக் கொஞ்சம் இடம் அதிகம். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் புளூ/ரெட் ஈக்வலைசர். வழக்கமான ஒயிட் பேலன்ஸ் விதியை விட்டு விலகி, நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதத்தை நேரடியாக மாற்றும் ஸ்லைடர். நீருக்கடிப் படம் போன்ற வழக்கத்துக்கு மாறான வெளிச்சத்துக்கு என்றே அதன் கையேடு சொல்கிறது. 1 என்ற இடத்திலிருந்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள், டெம்ப் முட்டிப்போன படத்துக்கு அது உயிர் கொடுக்கும். கலர் தாவலில் சேனல் மிக்ஸரும் உண்டு, எண்கள் சதவீதத்தில்: சிவப்பு 100, பச்சை 30, நீலம் -15 என்று தொடங்கலாம். 5.9 பதிப்பிலிருந்து லோக்கல் அட்ஜஸ்ட்மென்ட்ஸ் வந்திருக்கிறது, ஆனால் அதைப் பழகுவது தனிப் படிப்பு. தனித்தனிப் பகுதியாகத் திருத்தத் தேவையில்லாத, ஒரே தூரத்தில் இருக்கும் காட்சிகளுக்கு ரா தெரபியே போதும். பாராட்டப்பட வேண்டிய அளவுக்குப் பாராட்டப்படாத மென்பொருள்.

ஃபோட்டோஷாப், ஜிம்ப்

ரா இல்லாமல் ஜேபெக்கோடு உட்கார்ந்திருப்பவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இவை. ஃபோட்டோஷாப்பில் முதலில் 16 பிட்டுக்கு மாற்றுங்கள். கோப்பில் இல்லாத தகவல் வந்துவிடாது, ஆனால் அடுத்தடுத்த திருத்தங்களில் கூடுதலாக எதுவும் இழக்காமல் இருக்கலாம். சேனல் மிக்ஸர் லேயர் போட்டு, அவுட்புட் ரெட் என்பதில் சிவப்பு 100, பச்சை 40, நீலம் -10. மேலே ஒரு லெவல்ஸ் லேயர். ஆட்டோ பொத்தானை ஆல்ட் விசையோடு அழுத்தினால் தேர்வுகள் திறக்கும். என்ஹான்ஸ் பெர் சேனல் கான்ட்ராஸ்ட் என்பதே நமக்கு வேண்டியது, ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக இழுப்பது அதுதான். கிளிப் அளவு (இரு முனையிலும் வெட்டித் தள்ளும் அளவு) 0.10 சதவீதத்தில் இருக்கும். குமிழிகள் பளிச்சிடும் படங்களில் அதை 0.02 ஆக்கினால் குமிழியின் வெண்மை கெடாது. பிறகு அந்த லேயரின் ஒபாசிட்டியை 60 முதல் 70க்கு இறக்குங்கள். மிக்ஸருக்கு முன்பே லெவல்ஸ் போட்டால், வெறும் இரைச்சலை முதலில் பெருக்கிவிட்டு அதன்மேல் பச்சையைக் கலக்கிறீர்கள். வரிசை முக்கியம்.

ஜிம்பில் கலர்ஸ், ஆட்டோ, ஒயிட் பேலன்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு சேனலின் இரு முனையிலும் 0.05 சதவீதப் பிக்சல்களைத் தள்ளிவிட்டு மிச்சத்தை முழு அளவுக்கு இழுக்கும். 5 மீட்டர்ப் படங்களில் ஆச்சரியமாக வேலை செய்யும். 15 மீட்டர்ப் படத்தில் நிழல்களெல்லாம் சிவப்பாகச் சொறி பிடித்ததுபோல் ஆகும். அதைவிட, இமேஜ், பிரிசிஷன் வழியாக 32 பிட்டுக்கு மாற்றி, சேனல் மிக்ஸரில் மேலே சொன்ன அதே விகிதத்தை 1, 0.4, -0.1 என்று கொடுத்து, லெவல்ஸில் சிவப்பை மட்டும் கையால் இழுப்பது பல மடங்கு மேல். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களைப் பின்னால் திருத்த முடிகிறது என்பதால் தடவித் தடவிச் சரிசெய்ய வசதி. ரா கோப்பை ஜிம்ப் தானாகத் திறக்காது, டார்க்டேபிளுக்கோ ரா தெரபிக்கோ அனுப்பும். அங்கே போனபின் அங்கேயே வேலையை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரே தட்டல் செயலிகள்

பலவும் படத்தின் சராசரி நிறம் சாம்பலாக இருக்க வேண்டும் என்ற அனுமானத்தில் ஓடுகின்றன. தெருவில் எடுத்த படத்துக்கு அது சரி. நீருக்கடிப் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். நீரையே சாம்பலாக்கப் பார்த்தால் மீன் ஆரஞ்சாகும், நீர் சுண்ணாம்புத் தண்ணீராகும். நெருங்கி எடுத்த, சட்டம் முழுக்கப் பவளம் நிரம்பிய படத்துக்கு இதே செயலிகள் நல்ல பலன் தரும். அதனால் முதலில் நீரை வெட்டிவிட்டுச் செயலிக்குக் கொடுத்துப் பாருங்கள். நண்பர்களுக்கு அனுப்பப் போதும், அச்சுக்குப் போதாது.

ஆழம் ஒன்று, தூரம் பல

எந்த மென்பொருளானாலும் ஒரு திருத்தம் ஒரு தூரத்துக்கே சரி. அரை மீட்டரில் உள்ள பவளத்துக்குச் சரியாக வைத்தால் 4 மீட்டரில் உள்ள முக்குளிப்பவர் இன்னும் நீலமாக இருப்பார். அவருக்குச் சரியாக வைத்தால் பவளம் தக்காளியாகும். தூரத்துக்கேற்பத் திருத்தத்தை மாற்றும் கணக்கீட்டு முறை ஒன்றை டெரியா அக்காய்னாக், டாலி ட்ரைபிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2019இல் சீ-த்ரூ என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பிக்சலும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற வரைபடம் அதற்குத் தேவை. நம்மிடம் அது இல்லை, அதனால் மாஸ்க்தான். முன்பகுதிக்கு ஒன்று, நடுப்பகுதிக்கு ஒன்று, பின்னணி நீருக்கு எதுவுமே வேண்டாம். நீரை நீலமாகவே விட்டுவிடுங்கள். நீரையும் சேர்த்துக் கழுவிய படம் கடலில் எடுத்தது போலவே இருக்காது.

ஒரு படத்தின் அளவுகளை இன்னொன்றுக்கு ஒட்டும்போது, 3 முதல் 5 மீட்டர் ஆழ வித்தியாசத்துக்குள் உள்ளவற்றுக்கு மட்டும் ஒட்டுங்கள். டைவ் கம்ப்யூட்டரின் (முக்குளிக்கும்போது ஆழத்தைப் பதியும் கருவியின்) நேரத்தையும் கேமராவின் நேரத்தையும் முன்கூட்டியே ஒத்துவைத்திருந்தால், எந்தப் படம் எந்த ஆழம் என்று பிறகு பிரிப்பது எளிது.

ஸ்ட்ரோப் போட்ட படத்தில் முன்பகுதிக்குத் திருத்தமே வேண்டாம், பகலொளி அளவிலேயே சரியாக இருக்கும். பின்னணியைச் சரிசெய்கிறேன் என்று மொத்த டெம்பையும் ஏற்றினால், ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் மின்னும் மிதவைத் துகள்கள் ஒவ்வொன்றும் ஆரஞ்சுப் புள்ளியாகும். ஸ்ட்ரோப் எட்டாத பகுதிக்கு மட்டும் மாஸ்க்.

கேமராவிலேயே செய்ய வேண்டியவை

சிவப்பு ஃபில்டர் சிவப்பைச் சேர்ப்பதில்லை, நீலத்தையும் பச்சையையும் குறைக்கிறது. அதன்பின் எக்ஸ்போஷரைக் கூட்டும்போது சிவப்புச் சேனல் உண்மையாகவே அதிக ஒளி வாங்குகிறது. மென்பொருளால் இதைச் செய்ய முடியாது. அதற்குக் கொடுக்கும் விலை, ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). நீல நீருக்குச் சிவப்பு, பச்சை நீருக்கு மெஜன்டா. 5 முதல் 15 மீட்டர் வரை பலன் உண்டு, அதற்குமேல் ஷட்டர் வேகம் இறங்கிப் படம் ஆடிவிடும். 3 மீட்டரைவிட ஆழம் குறைந்த இடத்தில் கழற்றாவிட்டால் எல்லாம் சிவந்துபோகும். ஸ்ட்ரோபோடு சேர்த்து மாட்டவே கூடாது.

எக்ஸ்போஷர் பார்க்கும்போது பொது ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளின் வரைபடத்தை) நம்பாமல், மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் நீலம் வலப்பக்கம் முட்டுகிறதா என்று பாருங்கள். நீலமும் பச்சையும் நிறைந்து வழிந்த இடத்தில் பிறகு சிவப்பை மட்டும் பெருக்கினால், சூரியன் தெரியும் பகுதியும் குமிழிகளும் ரோஜா நிறமாகும். அதை எந்த மென்பொருளும் மீட்காது. கேமராவின் கைமுறை ஒயிட் பேலன்ஸைச் சாம்பல் பலகை காட்டி, சூரியனை முதுகுக்குப் பின் வைத்து, 3 முதல் 5 மீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். ராவில் எடுத்தாலும் அது வீணில்லை, திரையில் தெரியும் படம் நம்பும்படி இருந்தால்தான் எக்ஸ்போஷரை ஒழுங்காகக் கணிக்க முடியும். டிஜி-6இல் குறை ஆழம், நடு ஆழம், பேராழம் என்று மூன்று நீருக்கடி ஒயிட் பேலன்ஸ் அளவுகள் உண்டு. பலகை கையில் இல்லாத நாளுக்கு அவை போதும்.

ஏற்றுமதி செய்வதற்குமுன் எஸ்ஆர்ஜிபியில் (வழக்கமான திரைகளின் நிற எல்லையில்) படம் எப்படித் தெரியும் என்று சாஃப்ட் ப்ரூஃப் போட்டுப் பாருங்கள். நீர் நிறத்தின் சயான் பகுதிதான் முதலில் எல்லைக்கு வெளியே போகும். அங்கே ஆக்வா சாச்சுரேஷனை 10 முதல் 15 குறைத்தால், சூரியக் கதிர்களைச் சுற்றி நீர் படிப்படியாக இருள்வது பட்டை விழாமல் கிடைக்கும்.